ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே மௌனம் விழாமல் சிடி தயாரிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சபா ஒன்றில் நடந்த கர்நாடக இசைக் கச்சேரியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்து, மிக்ஸிங்கையும் முடித்துவிட்டோம். தோடி ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் மூன்றும் தனித்தனி டிராக்காக இருக்க வேண்டும்; ஆனால் தொடர்ந்து கேட்பவருக்குத் தம்புரா சுருதி எங்கும் அறுபடக் கூடாது. கோப்புகளாக வெட்டி ஒரு சிடியில் ரைட் செய்து பார்த்தபோது, பல்லவிக்கு முன்னால் இரண்டு விநாடி மௌனம் விழுகிறது. சிடி அச்சிடும் தொழிற்சாலையோ டிடிபி (DDP, அச்சிடுவதற்கான மாஸ்டர் கோப்புத் தொகுப்பு) கேட்கிறது. அனுப்புமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த மௌனம் உங்கள் பதிவில் இருப்பதன்று. சிடி எழுதும் மென்பொருள்கள் பல, ஒவ்வொரு டிராக்குக்கு முன்பும் இரண்டு விநாடியைத் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. அதை நீக்கிவிடலாம் என்றாலும், கோப்புகளாக வெட்டுவதிலேயே வேறொரு சிக்கல் இருக்கிறது. சிடியில் ஒரு விநாடி என்பது 75 ஃபிரேம், ஃபிரேமுக்கு 588 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி). டிராக் ஃபிரேமின் எல்லையில்தான் தொடங்க முடியும். எல்லை தவறி வெட்டப்பட்ட கோப்பின் கடைசி ஃபிரேமில் மிஞ்சும் இடம் மௌனத்தால் நிரப்பப்படும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சுருதியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆகவே கச்சேரியை ஒரே கோப்பாக மாஸ்டரிங் மென்பொருளில் வைத்து, வெட்டாமல், டிராக் குறிகளை மட்டும் இட்டு, அதிலிருந்தே டிடிபி எடுங்கள். ஒலி, டிராக் குறிகள், சிடி டெக்ஸ்ட் (பாடல், கலைஞர் பெயர்கள்), ஐஎஸ்ஆர்சி எண்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) யாவும் அதில் அடங்கிவிடும். எம்டி5 சரிபார்ப்புக் கோப்பையும் உடன் அனுப்பினால், வழியில் ஏதேனும் சிதைந்திருந்தாலும் தொழிற்சாலை கண்டுபிடித்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒலியளவையும் கவனியுங்கள். முதலில் சிடிக்குரிய 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, பிறகே லிமிட்டர் (உச்சச் சத்தத்தை வரம்புக்குள் நிறுத்தும் கருவி) போடுங்கள். 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் (பிட் குறைவதால் எழும் சிதைவைத் தவிர்க்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஒரே ஒருமுறை, கடைசிப் படியாக வர வேண்டும். டிதர் இல்லாவிட்டால் தம்புராவின் நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில் கரகரப்புத் தோன்றக்கூடும். சினிமாப் பாட்டளவுக்குச் சத்தம் வேண்டுமென்று லிமிட்டரை அழுத்தினால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் மீட்டு, சாப்பு என்ற இரு அடிகளும் ஒரே பருமனாகி, வாசித்தவரின் கை நயமே போய்விடும். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தட்டில் ஏறக்குறைய 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், முழுக் கச்சேரியானால் தட்டு மாறும் இடம் உருப்படியின் முடிவில் அமையட்டும்.

மறுமொழி 3:
டிடிபி எடுத்த பின் அதையே ஒரு டிடிபி பிளேயரில் திறந்து கேளுங்கள். மாஸ்டரிங் மென்பொருளில் கேட்டது போதாது. ஒவ்வொரு குறிக்கும் பத்து விநாடி முன்னிருந்து ஒருமுறை, பிறகு நேரே அந்த டிராக்குக்குத் தாவி ஒருமுறை. தாவும்போது பல்லவியின் முதல் எழுத்து விழுங்கப்பட்டால், பாடகர் மூச்செடுக்கும் இடத்துக்கு முன்னால் குறியை நகர்த்திவிடுங்கள். தொழிற்சாலை கண்ணாடி மாஸ்டர் (தட்டுகளை அச்சிடுவதற்கான மூலத் தட்டு) எடுத்துவிட்டால், இந்தச் சிறு திருத்தத்துக்கும் புதிதாக இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும்.