கண்ணை மூடினால் குக்கர் விசில் இடம் மாறுகிறது, ஏன்?

சட்டிபானை:
வி.ஆரில், அதாவது ஹெட்செட் மாட்டிப் பார்க்கிற மெய்நிகர் உலகத்தில், ஒரு சமையலறை செய்துகொண்டிருக்கிறேன். கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளில்தான், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்காரும் பொழுதுபோக்கு. முன்னால் அடுப்பில் குக்கர், முதுகுக்குப் பின்னால் அலமாரி மேல் பீப் பீப் என்று அடிக்கும் ஒரு மொபைல். குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தால் விசில் அந்த வெயிட்டுக்கு அடியிலிருந்தே சீறுகிறது, அவ்வளவு கச்சிதம். கண்ணை மூடினால் அதே விசில் நெற்றிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, திறந்தால் மறுபடி அடுப்புக்கே ஓடிவிடுகிறது! மொபைல் இன்னும் மோசம். தங்கைக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டு எடுக்கச் சொன்னேன், அடுப்புப் பக்கம் துழாவிக்கொண்டே இருந்தாள். புரோகிராம் கோடில் இடமெல்லாம் சரிதான், மூன்று தடவை பார்த்துவிட்டேன். ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்கிறேன். காது கோளாறா, கோடு கோளாறா?

அரைத்தூக்கம்:
காதில் ஒன்றுமில்லை. விசில் எப்போதுமே உங்கள் நெற்றிக்குள்தான் இருந்திருக்கிறது, கண்தான் அதை அடுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டிவியில் ஸ்பீக்கர் கீழே இருக்கும், பேச்சு என்னவோ நடிகர் வாயிலிருந்து வருவதுபோலத்தானே இருக்கிறது? பேசும் பொம்மை வைத்திருப்பவர் உதட்டை அசைக்காமல் பிழைப்பு நடத்துவதும் இதை வைத்துத்தான், இந்த மயக்கத்துக்கு வென்ட்ரிலோக்விசம் என்ற பெயரே அங்கிருந்துதான். ஆனால் கண்தான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2004இல் அலைஸ், பர் என்ற இருவர் வெளிச்சப் பொட்டை வேண்டுமென்றே மங்கலாக்கிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள், மிகவும் மங்கியதும் சத்தம் பொட்டைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. எது தெளிவாகச் சொல்கிறதோ அதன் பேச்சை மூளை கேட்கிறது. உங்கள் குக்கர் தெளிவு, சத்தம் வழவழ.

நட்டுபோல்ட்டு:
ப்ளூடூத்தைக் கழற்றி எறியுங்கள். எல்லாம் டிலேயால் வருவதுதான்.

கம்பிச்சுருள்:
டிலே வேறு பிரச்சினை. இது இடது-வலது மட்டுமே பார்க்கிற சத்தம் என்று தோன்றுகிறது. யூனிட்டியில் சத்தம் எழுப்புகிற ஆடியோ சோர்ஸில் ஸ்பேஷியல் பிளெண்ட் என்ற அமைப்பை 3டி ஆக்கியிருப்பீர்கள், அது தூரத்தையும் பக்கத்தையும் மட்டும்தான் கவனிக்கும். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஒரு ஸ்பேஷியலைசர் பிளகின் (சத்தம் எந்தத் திசை என்று காதுக்குக் கணக்குப் போட்டுத் தரும் துணை நிரல்) தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சோர்ஸிலும் ஸ்பேஷியலைஸ் டிக் போட்டால்தான் முன்-பின் என்று ஒன்று வரும். பக்கத்திலிருந்து வருகிற சத்தம் ஒரு காதைவிட மறு காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லிநொடி போல தாமதமாகப் போய்ச் சேரும், ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அந்த வித்தியாசம் பூஜ்யம். அங்கே காது மடலின் மடிப்புகள் சத்தத்தை லேசாக மாற்றித் தருகிற விதம்தான் துப்பு. அதற்கு சத்தத்தில் பல அலைவரிசைகளும் இருக்க வேண்டும். குக்கர் சீறலில் இருக்கும், ஒற்றை பீப்பில் ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். நிஜ வீட்டிலும் பீப் மட்டும் அடிக்கிற சாதனத்தைத் தேடி அலைகிறோமே, அதேதான். ரிங்டோனை மாற்றுங்கள், கூடவே அலமாரிப் பலகை அதிர்கிற கடகட சத்தமும் சேருங்கள்.

நட்டுபோல்ட்டு சொன்னதிலும் பாதி சரி. காதுக்கு முன்-பின் குழம்பினால் நாம் தெரியாமலே தலையை லேசாகத் திருப்புவோம், சத்தம் எந்தக் காதுப் பக்கம் நகர்கிறது என்பதிலேயே விடை வந்துவிடும். ப்ளூடூத்தில் சத்தம் 0.1, 0.2 நொடி பின்தங்கினால் தலை திரும்பி முடித்த பிறகுதான் அது நகரும், அந்தத் துப்பும் போச்சு. வெயிட் எழும்புவதற்கும் விசிலுக்கும் நடுவே அதே தாமதம் என்றால் அவ்வளவு உறுத்தாது, ஏனென்றால் 34 மீட்டர் தள்ளி ஒருவர் சுத்தியல் அடித்தாலே சத்தம் 0.1 நொடி கழித்துத்தான் வருகிறது, பழக்கம்தான். சத்தம் முந்திக்கொண்டால்தான் உடனே கண்டுபிடித்துவிடுவோம்.

இன்னொன்று. இனிமேல் சத்தத்தைச் சரிபார்க்கும்போது படத்தை அணைத்துவிடுங்கள். பார்த்துக்கொண்டே கேட்டால் கண் உங்களுக்குப் பொய்யாக பாஸ் போட்டுக்கொண்டே இருக்கும்.

சட்டிபானை:
டிக் போடவே இல்லை, அதுதான்! வயர் ஹெட்போனும் மாட்டினேன், அறை எதிரொலி கொஞ்சம் சேர்த்தேன். இப்போது கண்ணை மூடினாலும் விசில் தலைக்கு வெளியே நிற்கிறது. தங்கை இந்தத் தடவை நேராக அலமாரிக்குத் திரும்பினாள். ஒரே சங்கடம், கண்ணை மூடினால் குக்கர் லாஃப்டில் இருப்பதுபோல மேலே கேட்கிறது. அவளுக்கு அப்படி இல்லையாம்.

அரைத்தூக்கம்:
பிளகினில் இருப்பது வேறு யாருடைய காதை வைத்துப் போட்ட கணக்கோ. மேல்-கீழ் தெரிவது மடல் வடிவத்தை வைத்துத்தான், அது ஆளுக்கு ஆள் வேறு. 1998இல் நெதர்லாந்தில் சிலர் காதுக்குள் அச்சு வைத்து மடல் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். முதலில் மேல்-கீழ் சுத்தமாகக் குழம்பி, சில வாரங்களில் பழகிவிட்டது, அச்சை எடுத்ததும் பழைய காதும் மறக்கவில்லை. பிளகினில் வேறு காது தேர்வுகள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

சட்டிபானை:
என்னுடையதில் ஒரே காதுதான். வாரக்கணக்கில் பழகுவதைவிடக் குக்கரை லாஃப்டில் ஏற்றிவிடுவது சுலபம் போலிருக்கிறது.