சங்க வசூலுக்குப் போன அனுபவம்: டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம்:
கண் சிகிச்சை முகாமுக்காக அரிமா (லயன்ஸ்) சங்கத்திலிருந்து நான்கைந்து பேர் ரசீதுப் புத்தகத்தோடு கடைத்தெருவில் இறங்கினோம். ஒரு பாத்திரக் கடையில் முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "ஆபரேஷன் இலவசம்னு போஸ்டர்ல போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்குத் தம்பி வசூல்?"

எங்களில் மூத்தவர், பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் 1925-இல் லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றோருக்கு உதவும்படி கேட்டுப் பேசியதிலிருந்து ஆரம்பித்தார். முதலாளிக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நான் கணக்கைச் சொன்னேன். ஆபரேஷன் செலவை ஆஸ்பத்திரியும் அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் பார்த்துக்கொள்ளும். மைக் கட்டிய ஆட்டோ, நோட்டீஸ், பந்தல், நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாம் எங்கள் தலையில். கண்புரை என்று தேர்வாகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் பஸ் வாடகையும் எங்களுடையதுதான். பெரிய செலவே அதுதான்.

"சரி, ஜூலையில மண்டபம் பிடிச்சு ஆளுக்கு ஆள் பொன்னாடை போத்திக்கிட்டீங்களே, அது யார் காசு?"

நியாயமான கேள்வி. அந்தப் பதவியேற்பு விழாக்கள் எனக்கே கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அது உறுப்பினர் சந்தா. லயன்ஸ் விதிப்படி நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. பொதுமக்களிடம் வாங்கும் பணம் முழுவதும் சேவைக்கே போக வேண்டும், அதிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு ஒரு டீகூட வாங்க முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார்.

பணமாக ஐந்நூறுதான் தந்தார். "சமையலுக்கு அண்டா, கரண்டி எடுத்துட்டுப் போங்க. விளக்கிக் கொண்டாந்துடணும்" என்றார். பாத்திர வாடகை மிச்சம். திருப்பிக் கொடுத்தபோது ஒவ்வொரு அண்டாவையும் கவிழ்த்து, அடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த முகாமுக்கு நாங்கள் போவதற்கு முன்னாலேயே அவரிடமிருந்து ஆள் வந்துவிட்டது, என்றைக்கு அண்டா வேண்டும் என்று கேட்டு.

மன்னார்குடிப் பக்கம்:
டவுன்காரர்களுக்குப் பரவாயில்லை. கிராமத்தில் புரட்டாசி, ஐப்பசியில் ரசீதுப் புத்தகத்தை எடுக்கவே கூடாது. கையிலிருந்த காசெல்லாம் உரம், நடவுக் கூலி என்று சம்பா வயலில் கிடக்கும். தை, மாசியில் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறிய பிறகு போங்கள்.

நாங்கள் களத்திலேயே நெல்லாகவும் வாங்கிக்கொள்கிறோம். ரொக்கம் கேட்டால் யோசிக்கிறவர், "ஒரு மூட்டை தூக்கிக்கங்க மாப்ள" என்று சட்டென்று சொல்லிவிடுவார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலையத்தில் கழித்த மூட்டையை நம் தலையில் கட்டுகிற புண்ணியவான்களும் உண்டு! அதையும் வாங்கிச் சாலையோரம் காயப்போட்டு, அரைத்து, முகாம் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

பட்டுக்கோட்டை:
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் எங்கள் பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. வெளியூர்ச் சங்கங்கள் தார்ப்பாய், அரிசி, மெழுகுவர்த்தி என்று லாரியில் அனுப்பின. வருஷா வருஷம் எங்கள் ரசீதுப் புத்தகத்தில் முதல் கையெழுத்துப் போடுகிற தோப்புக்காரர் ஒருவர் பகலில் வரவில்லை. இருட்டிய பிறகு பையனை அனுப்பி, "அப்பா ஒரு தார்ப்பாய் மட்டும் கேட்டாங்க" என்று சொல்லச் சொல்லியிருந்தார். லயன்ஸ் மாவட்ட நிர்வாகத்துக்குப் படம் அனுப்பியாக வேண்டும் என்று செல்போனோடு நின்ற எங்கள் ஆளை உள்ளே போகச் சொல்லிவிட்டோம். இப்போதெல்லாம் அறிக்கைக்கு மூட்டைகளை மட்டும்தான் படம் எடுக்கிறோம், வாங்குகிறவர்களை எடுப்பதில்லை.

கும்பகோணம்:
நகைக் கடைகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே முதல் கேள்வியே 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பற்றித்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. காசோலையோ ஜிபேயோ கேட்டு வாங்குங்கள், அதுவும் சங்கத்தின் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருந்தால்தான். இல்லையென்றால் மார்ச் மாதம் ஆடிட்டர் போன் செய்வார்.