விளையாட்டுச் சாமான் கம்பனிகள் பெரியாக்கள் பக்கம் திரும்பினது சரியோ?

கிளிநொச்சி ரீச்சர்:

2024 இன் முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவில் 18 வயதைத் தாண்டியவர்கள் தங்களுக்கென்று வாங்கிய விளையாட்டுச் சாமான்களின் பெறுமதி 150 கோடி டொலருக்கு மேல். சந்தைக் கணக்கெடுக்கும் சர்க்கானா நிறுவனம் சொன்னது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கான விற்பனையைப் பெரியவர்கள் முந்தியது அதுதான் முதல் தடவை.

கம்பனிகள் அதற்கு முன்பே திரும்பத் தொடங்கிவிட்டன. பொருத்திக் கழற்றும் பிளாஸ்ரிக் கட்டைகள் செய்யும் லெகோ 2020 இலிருந்து கறுப்புப் பெட்டியில் 18+ என்று அடித்துத் தனி வரிசையே விடுகிறது. பார்பி செய்யும் மற்றெல் அதே ஆண்டில் சேகரிப்பாளர்களுக்கென்று இணையக் கடை திறந்தது. ஹஸ்ப்ரோ 2018 இல் 500 டொலர் பெறுமதியான ஸ்டார் வோர்ஸ் படத்துக் கப்பல் பொம்மை ஒன்றுக்கு, 5,000 பேர் முன்பதிவு செய்தால்தான் தயாரிப்போம் என்று சொல்லி ஆள் சேர்த்தது.

நான் முன்பள்ளியில் வேலை செய்பவள். பெரியவர்கள் விளையாடுவதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ஒரு பிளாஸ்ரிக் சாமானுக்கு அச்சு வெட்டவே பெருங்காசு வேண்டும். அந்த அச்சு யாருக்காக வெட்டப்படுகிறது, நல்ல வடிவமைப்பாளர் யாருக்காக உட்கார்ந்து யோசிக்கிறார் என்பதுதான் என் கேள்வி. நாலு வயதுப் பிள்ளை சந்தைக்குப் போய்த் தனக்காகப் பேச மாட்டாது. அதற்காக நாங்கள்தான் பேச வேண்டும்.

புதுக்குடியிருப்பான், பாரிஸ்:

ரீச்சர், நீங்கள் சொல்லுற 18+ பெட்டி வாங்கிற ஆள் நான். 2022 இலை வந்த லெகோ ஈபிள் கோபுரம், 10,001 துண்டு, ஒண்டரை மீற்றர் உயரம், என்ரை வீட்டு மூலையிலை நிக்குது. அதுக்கு நான் ஒருத்தருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன். ஆனால் நீங்கள் ரீச்சர், அதாலை சொல்லுறன்.

நான் வன்னியிலை வளந்தது பொருளாதாரத் தடைக் காலத்திலை. பற்றரி, பெற்றோல், சீமெந்து ஒண்டும் தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டி வராது. செய்தி கேக்கிறதெண்டாலும் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டம். ரின்பால் பேணியிலை கார் செய்து, பாட்டாச் செருப்பை வட்டமா வெட்டிச் சில்லுப் போட்டு ஓட்டினம். அதை இப்ப கனபேர் பொற்காலம் எண்டு எழுதினம். எனக்கு அது பொற்காலம் இல்லை. எனக்குப் பற்றரியிலை ஓடுற கார்தான் வேணுமாய் இருந்தது. கிடைக்கேல்லை. பிறகு உயிரோடை இருக்கிறதே பெரிசாய்ப் போட்டுது.

இப்ப உழைக்கிறன், வாங்கிறன். வெள்ளைக்காரனுக்கு அது பழைய நினைவு. எனக்கு அப்பிடி ஒரு நினைவே இல்லை, இப்பதான் முதல் முதல் கையிலை எடுக்கிறன். இதிலை எந்தப் பிள்ளையின்ரை பங்கை நான் பறிச்சன்?

பெரியாக்கள் விளையாடுறது எங்களுக்குப் புதுசும் இல்லை. சித்திரை வருசத்துக்குத் தேங்காயோடை தேங்காய் மோதிப் போர்த்தேங்காய் அடிக்கிறது ஆர்? வல்வெட்டித்துறையிலை பொங்கலுக்கு ஆள் உயரப் பட்டம் கட்டி விடுறது ஆர்? மீசை முளைச்ச ஆக்கள்தானே.

பரந்தன் கடைக்காரன்:

நான் வியாபாரத்தைச் சொல்லுறன். கம்பனி பெரியாக்களைத் தேடிப் போனது ஆசையிலை இல்லை. பிள்ளையள் குறையுது. தென்கொரியாவிலை 2023 இலை ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை. இருக்கிற பிள்ளையும் ஏழு, எட்டு வயதிலை போனுக்குப் போயிடும். முந்தி பன்னிரண்டு வயது மட்டும் சாமான் வாங்கினதுகள். அமெரிக்காவிலை பெரிய விளையாட்டுச் சாமான் கடையா இருந்த டொய்ஸ் ஆர் அஸ் 2017 இலை வங்குரோத்து, அடுத்த வருசம் அங்க இருந்த கடையெல்லாம் பூட்டு. பிள்ளை தாயின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் காட்டுற இடமே இல்லாமல் போச்சு. கம்பனி என்ன செய்யும்? கையிலை காசு வைச்சிருக்கிற ஆளிட்டைப் போகும்.

என்ரை கடையிலையும் நல்ல சாமான் போறது ஆடி, ஆவணியிலை வெளிநாட்டாக்கள் வந்து மருமக்களுக்கு வாங்கேக்கைதான். மற்ற நாளிலை முந்நூறு ரூபாய்க்கு மேலை சொன்னால் சனம் யோசிக்கும்.

கிளிநொச்சி ரீச்சர்:

புதுக்குடியிருப்புத் தம்பி, உங்களுக்குக் கிடைக்காமல் போனதை நான் சின்னதாக நினைக்கவில்லை. நானும் அதே டைனமோ றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான். ஆனால் கம்பனி உங்கள் இழப்பைப் பார்த்து அந்தப் பெட்டியைச் செய்யவில்லை. அமெரிக்காவில் 1984 அளவில் பிள்ளைகள் தொலைக்காட்சி விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சாமானை விற்பதற்கென்றே கார்ட்டூன் எடுத்தார்கள். ட்ரான்ஸ்போமர்ஸ் வந்ததும் அந்த ஆண்டுதான். அன்று ஆறு வயதில் அதைப் பார்த்து அழுது வாங்கியவருக்கு இன்று நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது, அவருக்கே அதை மறுபடி விற்கிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டு தடவை. அப்படியென்றால் இன்றைக்கு ஆறு வயதில் இருக்கும் பிள்ளைக்குப் புதிதாக யோசிக்க யாருக்கு அவசரம் இருக்கும்?

போர்த்தேங்காய் நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் நிற்கிறது. அங்கே பெரியவர் அடிக்க, பிள்ளை பக்கத்தில் நின்று கத்தும், உடைந்த தேங்காயைப் பொறுக்கும். பட்டத்துக்கு நூல் பிடிப்பதும் பிள்ளைதான். சேகரிப்பாளரின் வீட்டில் என்ன நடக்கிறது? பெட்டி உடைத்தால் விலை குறையும் என்று உடைக்காமலே அலுமாரியில் வைக்கிறார்கள். ஒரு விளையாட்டுச் சாமானைப் பிள்ளை தொடக்கூடாது என்று சொல்லும் நிலைமை எனக்குச் சம்மதமே இல்லை.

வவுனியா பொடியன்:

ரீச்சர், நான் மற்றெலின்ரை ஹொட் வீல்ஸ் சின்னக் கார் சேர்க்கிறனான். பெட்டி உடைச்சுத்தான் வைக்கிறனான், அதை முதலே சொல்லிப்போட்டன். ஆனாலும் ஒண்டை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். மற்றெல் 1995 இலிருந்து 'ட்ரெஷர் ஹண்ட்' எண்டு சில அரிய கார்களைச் சாதாரணக் கார்களோடை கலந்து விடுது. ஒரு டொலர் அளவிலை விக்கிற பிள்ளையளின்ரை சாமானுக்குள்ளை பெரியாக்களுக்கான தூண்டில். கடை திறக்க முதலே வளந்த ஆக்கள் வந்து பெட்டியைக் கிளறி நல்லதை எடுத்துப் பத்து மடங்குக்கு விக்கினம். பிள்ளை வரேக்கை கிடக்கிறது அவையள் கழிச்சது. இது கம்பனிக்குத் தெரியாமல் நடக்கிற விசயம் இல்லை.

இன்னொண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின்ரை 2009 ஆம் ஆண்டு விளையாட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளருக்கு எண்டு தெளிவாய் எழுதி ஒரு சேகரிப்புப் பொருளை வித்தால், அது விளையாட்டுச் சாமான் கணக்கிலேயே வராது. கழண்டு வாற துண்டு பிள்ளையின்ரை தொண்டையிலை அடைக்குமோ எண்டு பாக்கிற அந்தச் சட்டத்தின்ரை பரிசோதனையள் அதுக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டுக்குள்ளை வந்த பிறகு பொம்மை பொம்மைதானே. தம்பி, தங்கச்சி எடுக்காமல் விடுமோ?

புதுக்குடியிருப்பான், பாரிஸ்:

தம்பி, அது வீட்டாக்களின்ரை பொறுப்பு. மருந்தையும்தான் எட்டாத இடத்திலை வைக்கிறம். கம்பனியைக் குற்றம் சொல்ல முதல் ஒண்டை யோசியுங்கோ. லெகோ 2003, 2004 இலை விழுந்து போகப் பாத்த கம்பனி. அது மூடியிருந்தால் எந்தப் பிள்ளைக்கு லாபம்? இண்டைக்கு என்னைப் போல ஆக்கள் 630 டொலருக்கு வாங்கிறதாலையும்தான் அது பெலமாய் நிக்குது. 1958 இலை காப்புரிமை எடுத்த அதே கட்டைதான் இப்பவும். என்ரை ஈபிள் கோபுரத்தைக் கழட்டினால் நாளைக்கு என்ரை மகள் அதிலை வீடு கட்டலாம். அவள் இப்பவே கேக்கிறாள்.

ஒட்டுசுட்டான் அக்கா:

உங்கட மகளுக்குக் கழட்டிக் குடுங்கோ தம்பி. நாளைக்கு எண்டு வையாதேங்கோ.

பரந்தன் கடைக்காரன்:

லபூபு கதையை ஒருத்தரும் எடுக்கேல்லை, நான் சொல்லுறன். அது சீனத்துப் பொப் மார்ட் கம்பனியின்ரை பொம்மை. உள்ளுக்கு எது இருக்கெண்டு தெரியாத பெட்டியிலை விக்கிறது, பெரியாக்களைக் குறி வைச்சது. 2025 யூனிலை பெய்ஜிங்கிலை ஆள் அளவு லபூபு ஒண்டு ஏலத்திலை 10 இலட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போச்சு. அந்தச் சாமான் வன்னிக்கு எப்பிடி வந்தது தெரியுமோ? போலியா வந்தது. கோயில் திருவிழாக் கடையிலை தும்பு முட்டாசுக்குப் பக்கத்திலை தொங்குது. ரிக்டொக்கிலை பாத்த பிள்ளையள் கேட்டு அழுதுகள், தாய்மார் வாங்கிக் குடுக்கினம். 2025 ஓகஸ்டிலை அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு உந்தப் போலியளைப் பற்றி எச்சரிக்கை விட்டது, துண்டு கழண்டு சின்னப் பிள்ளையளுக்கு மூச்சடைக்கும் எண்டு. எனக்கும் மொத்த வியாபாரி கொண்டுவந்து காட்டினவன். கண்ணை இழுத்துப் பாத்தன், கையோடை வந்தது. வேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டன். அவன் போய் அடுத்த கடையிலை இறக்கினவன்.

புதுக்குடியிருப்பான், பாரிஸ்:

அது கள்ளச் சாமான் செய்யிறவன்ரை பிழை. சேகரிக்கிறவன்ரை தலையிலை ஏன் போடுறியள்?

கிளிநொச்சி ரீச்சர்:

கள்ளச் சாமான் செய்பவன் ஆசையை உண்டாக்குவதில்லை தம்பி, உண்டாக்கி விட்ட ஆசைக்குப் பின்னால் வருகிறான். உள்ளே எது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கச் செய்வது பெரியவரையே பிடித்து வைக்கிற வித்தை. சீனாவே 2023 இல் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகளை விற்கக்கூடாது என்று விதித்தது. எங்கள் ஊரில் அப்படி யாரும் பார்த்து விற்பதில்லை. கடைசியில் பெரியவருக்கு அசல், நல்ல சாமான். பிள்ளைக்குக் கண் கழன்று விழும் போலி. நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான்.

எங்கள் முன்பள்ளியில் முதிரை மரத் துண்டுகளைத் தச்சரிடம் கொடுத்து இழைப்பித்து, கூர் மழுக்கி, கட்டைகளாக வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதில் பாலம் கட்டுகிறார்கள், குளக்கட்டு கட்டுகிறார்கள், இரணைமடு என்று பெயரும் வைக்கிறார்கள். ஆனால் பொருத்திக் கழற்றுகிற சாமான் விரலுக்குத் தரும் வேலை வேறு. அதைத் தச்சரால் செய்ய முடியாது. அதற்குக் கம்பனி வேண்டும். அதனால்தான் கம்பனி யாருடைய பக்கம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பான், பாரிஸ்:

நான் வாங்கிறதை நிப்பாட்ட மாட்டன் ரீச்சர், அது பிழை எண்டும் நினைக்கேல்லை. ஆனால் இஞ்ச பழைய சாமான் சந்தையிலை லெகோ கிலோக் கணக்கிலை விக்கிறாங்கள். ஒரு பெட்டி நிறையக் கப்பலிலை போடவோ?

கிளிநொச்சி ரீச்சர்:

லெகோ வேண்டாம். மூன்று வயதுக்கு அந்தத் துண்டுகள் சின்னன், வாயில் வைத்துவிடும். அதே கம்பனி 1969 இலிருந்து செய்கிற டுப்ளோ பாருங்கள். எந்தப் பக்கம் அளந்தாலும் இரண்டு மடங்கு. பழசென்றாலும் பரவாயில்லை, வெடிப்பு இல்லாததாகப் பொறுக்கிக் கழுவி அனுப்புங்கள். பற்றரி போடுகிற சாமான் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பான், பாரிஸ்:

ஒரு பற்றரிக் கார் மட்டும் வைப்பன் ரீச்சர். அதை மறுக்காதேங்கோ.

பரந்தன் கடைக்காரன்:

வையுங்கோ தம்பி. பற்றரி என்ரை கடையிலை எடுக்கலாம், காசு வேண்டாம்.