காரவன்கள் வந்து நின்றபோது: இங்கிலாந்தில் நீங்கள் பார்த்தது என்ன?

கவுன்சில் ஊழியர், தென்கிழக்கு இங்கிலாந்து

கோடை வந்தால் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல்: "பூங்காவில் ஜிப்சிகள் வந்து இறங்கிவிட்டார்கள், கவுன்சில் கண்டுகொள்ளவே இல்லை." ஜிப்சிகள், டிராவலர்கள் என்று அழைக்கப்படும் இவர்களுக்குக் காரவன் என்ற வண்டிவீடுதான் வீடு. அப்படி வந்து நிற்கும் குடும்பங்களிடம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றத்தின் சார்பில் முதலில் போய்ப் பேசுவது என் வேலை. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நீங்களும் பார்த்ததை எழுதுங்கள்.

தகவல் வந்ததும் நேரில் போவோம். எத்தனை காரவன், எவ்வளவு நாள் தங்க நினைக்கிறார்கள், கர்ப்பிணிகள் உண்டா, மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்கள் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரிப்போம். இது வெறும் மரியாதைக்குச் செய்வதில்லை. மனிதாபிமான அடிப்படையில் இவற்றைப் பரிசீலிக்காமல் யாரையும் கிளப்பக் கூடாது என்று 1995இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணை முடிந்த பிறகுதான் 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் வெளியேறச் சொல்லும் அறிவிப்பு. அதற்கும் அசையாவிட்டால் 78ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு, அப்புறம் அதை நிறைவேற்றும் பெய்லிஃப்கள். தனியார் நிலமென்றால் பெரும்பாலும் உரிமையாளரே வழக்குப் போட வேண்டியிருக்கும்.

ஒரு முறை கார் நிறுத்துமிடம் ஒன்றில் வயதான அம்மா ஒருவரிடம் அறிவிப்பைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து அதற்குள் வைத்தார். மற்ற கவுன்சில்கள் கொடுத்த அறிவிப்புகள் அதில் ஏற்கெனவே இருந்தன, கண் மருத்துவமனைக் கடிதங்களும் இருந்தன. "எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் எல்லைக்குள் இருந்த ஒரே சைட்டிலும், அதாவது காரவன்கள் நிற்க ஒதுக்கிய இடத்திலும், இடம் காலியில்லை. அவரிடம் சொல்ல என்னிடம் ஓர் இடத்தின் பெயர்கூட இல்லை. பக்கத்துக் கவுன்சில் எல்லைக்குள் போய் நின்றார்கள், அங்கேயும் இதே வேலை முதலிலிருந்து தொடங்கியது.

ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைகளின் நலம் பார்க்கும் செவிலியர்), லண்டன்

அண்ணா, நீங்கள் சொன்னது சாலையோரத்தில் நிற்பவர்களின் நிலை. நான் போவது கவுன்சில் நடத்தும் நிரந்தர சைட்டுகளுக்கு. வாடகை, மின்கட்டணம், கவுன்சில் வரி எல்லாம் கட்டித்தான் அங்கே இருக்கிறார்கள். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, சும்மா இருக்கிறார்கள் என்றே நினைக்கிறார்கள்.

ஒவ்வொரு பிட்சிலும் (சைட்டுக்குள் ஒரு குடும்பத்துக்கான இடம்) காரவனுக்கு ஒரு தளம், பக்கத்தில் சமையல், குளியல், கழிப்பறைக்கு ஒரு சின்னக் கட்டடம். காரவனுக்குள்ளேயே கழிப்பறை இருந்தாலும் பலர் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். படுக்கும் சமைக்கும் இடத்தில் அது இருப்பது அவர்களுக்குத் தீட்டு. நம் பாட்டிமார் கழிப்பறையைக் கொல்லையில் தள்ளி வைத்தது போலத்தான். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு சுத்தம். செருப்பைக் கழற்றாமல் ஏற எனக்கு மனம் வராது.

சைட்டுகளைப் போட்டிருக்கும் இடம்தான் என்னை உறுத்துகிறது. மேற்கு லண்டனில் இருப்பது வெஸ்ட்வே மேம்பாலத்தை ஒட்டி. மற்ற ஊர்களிலும் கழிவுநீர் நிலையம், ரயில்பாதை, மோட்டார்வே ஓரம் என்று வேறு யாரும் குடியிருக்க விரும்பாத இடங்களாகப் பார்த்தே கொடுத்திருக்கிறார்கள். நான் போகும் ஒரு சைட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் விட்டபாடில்லை.

இன்னொன்று: முகவரிச் சான்று இல்லையென்று ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) பதிவுசெய்ய மறுக்கக் கூடாது என்பது அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் விதி. ஆனாலும் வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெண்ணுக்காக நானே போன் போட்டுச் சண்டை பிடித்தேன்.

கிரிக்கெட் கிளப் உறுப்பினர், எசெக்ஸ்

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், என் அனுபவத்தையும் கேளுங்கள். விடுமுறை வாரம் ஒன்றில் எங்கள் மைதானத்துக்குள் காரவன்கள் வந்துவிட்டன. போட்டிகள் ரத்து. அவர்கள் போன பிறகு பெவிலியனுக்குப் பின்னால் மனிதக் கழிவு, வெட்டிப் போட்ட மரக்கிளைகள், பை பையாகக் குப்பை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளப் இது, சுத்தம் செய்த செலவு எங்கள் தலையில்தான் விழுந்தது. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, "இது கவுன்சில் விவகாரம்" என்று போய்விட்டார்கள். எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை. அடுத்த முறை சீக்கிரம் கிளப்ப என்ன வழி, அதைச் சொல்லுங்கள்.

கடைக்காரர், லீட்ஸ்

தம்பி, உங்கள் ஆத்திரம் நியாயம்தான். எங்கள் ஊரில் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். லீட்ஸ் கேட் என்று டிராவலர்களே முன்னின்று நடத்தும் அமைப்பு இருக்கிறது. அவர்களும் லீட்ஸ் கவுன்சிலும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நிலமாகப் பார்த்து, சில வாரம் நிற்கக் கவுன்சில் விட்டுவிடும். குப்பைத் தொட்டியும் தற்காலிகக் கழிப்பறையும் கொண்டுவந்து வைக்கும். அவர்கள் பக்கம் இடத்தைச் சுத்தமாக வைப்போம், குப்பை எரிக்க மாட்டோம், சொன்ன தேதியில் கிளம்புவோம் என்று ஒப்புக்கொள்வார்கள். துரத்தும் செலவும் துப்புரவுச் செலவும் மிச்சம்.

என் கடைக்கு அருகே ஒரு முகாம் வந்தபோது பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். நான் திறந்தே வைத்தேன். பாலும் ரொட்டியும் எரிவாயு சிலிண்டரும் வாங்கினார்கள், காசைக் கையில் கொடுத்தார்கள். தொட்டிகள் வந்து சேர்ந்த பிறகு குப்பை பற்றிய பேச்சே இல்லை. "டிராவலர்களுக்கு அனுமதியில்லை" என்று போர்டு வைப்பது சட்டவிரோதம் என்பதையும் நம் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் சட்டப்படி இனக்குழுக்கள். நம்மைப் பார்த்து அப்படிப் போர்டு வைத்தால் விடுவோமா?

கவுன்சில் ஊழியர், தென்கிழக்கு இங்கிலாந்து

எசெக்ஸ் தம்பிக்குப் பதில். சட்டத்தை இறுக்கினால் தீரும் என்று அரசும் நினைத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தில் அனுமதியின்றி வண்டியோடு குடியிருந்து கணிசமான சேதமோ இடையூறோ ஏற்படுத்தி, கிளம்பச் சொல்லியும் கிளம்பாவிட்டால் அதைக் குற்றமாக்கியது. 3 மாதம் வரை சிறை, வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அந்த வண்டிதானே அவர்களின் வீடு? போலீஸ் கிளப்பிய இடத்துக்குத் திரும்பி வரக் கூடாத காலத்தையும் 3 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டினார்கள். அந்த 12 மாதத் தடை மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது.

பிரச்சினையின் வேர் இன்னும் பழையது. சைட் அமைத்துக் கொடுப்பதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களின் கடமையாக்கியது. 1994இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள், சொந்தமாக நிலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கியவர்களுக்கோ அதில் காரவன் நிறுத்திக் குடியிருக்கத் திட்ட அனுமதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. எசெக்ஸில் இருக்கும் உங்களுக்கு, டிராவலர் குடும்பங்கள் குடியிருந்த டேல் ஃபார்ம் நினைவிருக்கும். தங்கள் சொந்த நிலத்திலிருந்தே 2011 அக்டோபரில் அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பல மில்லியன் பவுண்டு செலவானது. சிலர் பக்கத்துச் சாலையோரத்தில்தான் போய் நின்றார்கள்.

சீக்கிரம் கிளப்ப வழி கேட்டீர்கள். அதே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் 62ஏ என்று ஒரு பிரிவு 2003இல் சேர்க்கப்பட்டது. அதே கவுன்சில் எல்லைக்குள் பொருத்தமான பிட்ச் ஒன்று காலியாக இருந்தால், நில உரிமையாளர் கேட்டுக்கொண்டதும் போலீஸ் அந்தக் காரவனை உடனே நகரச் சொல்லலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை. காலியாக பிட்ச் இல்லாவிட்டால் இந்த அதிகாரமும் இல்லை. ஆக, உங்கள் மைதானம் காலியாக இருக்க வேண்டுமென்றால் உங்கள் ஊரில் ஒரு தற்காலிகத் தங்குமிடம் வேண்டும். வேல்ஸில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய கடமையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இங்கே இன்னும் இல்லை. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று முடிவுசெய்யும் உள்ளூர்த் திட்டத்துக்கு உங்கள் கவுன்சில் கருத்துக் கேட்கும்போது, சைட்டுக்கு எதிராக வழக்கமாக வந்து குவியும் கடிதங்களுக்கு நடுவே, கிளப்பின் பெயரில் ஆதரவாக ஒரு கடிதம் போடுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.