மறு: பிளக் வயருக்குத் தமிழ்ச்சொல்: கம்பியா, வடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் வயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தீப்பொறிக் கம்பி’ எளிமையாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிமைதான். ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளும் பொருளைத் தவறாகச் சொல்கின்றன.

முதலில் ‘கம்பி’. பழைய காரிலிருந்து கழற்றிய பிளக் வயர் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பல வகைகளில் நடுவே உலோகமே இருக்காது. கரி ஊட்டிய இழைதான் இருக்கும். ரேடியோவில் இரைச்சல் எழாமலிருக்க, வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை கொண்டதாக அதைச் செய்கிறார்கள். அந்த மெல்லிய இழையைச் சுற்றி, மொத்தத் தடிமன் 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆகும்வரை ரப்பர் அல்லது சிலிக்கோன் காப்பு. இதைப் பார்த்த பிறகு யாருக்கும் ‘கம்பி’ என்று சொல்ல வாய் வராது. கேபிளுக்கு நாம் ஏற்கெனவே புழங்கும் ‘வடம்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது ‘தீப்பொறி’. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. வடத்தின் வேலை அந்த மின்னழுத்தத்தைச் சிந்தாமல் கொண்டுசேர்ப்பது. பொறி பறக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பிளக்கின் நுனியில், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அந்தச் சிறிய இடைவெளி. காப்பு வெடித்த பழைய வடத்தை இருட்டில் கவனித்தால், எஞ்சின்மீது நீலப் பொறி தாவுவது தெரியும். ஆகவே ‘தீப்பொறி வடம்’ என்றாலும் பழுதான வடத்துக்குப் பெயர் வைத்ததுபோல ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘செருகிவடம்’. ஸ்பார்க் பிளக்குக்குத் ‘தீப்பொறிச்செருகி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கட்டுரையில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ‘செருகி’ என்று சுருக்கலாம். ‘பொறிச்செருகி’ மட்டும் வேண்டாம். பொறி என்றால் இயந்திரமும்தானே. காயிலிலிருந்து, மின்னழுத்தத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பகிர்ந்துதரும் டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வடம் ‘சுருள்வடம்’ ஆகட்டும். இரண்டுக்கும் பொதுப்பெயர் ‘உயர்மின்னழுத்த வடம்’.

> செருகியைத் திருகித்தானே பொருத்துகிறோம்? செருகுவதில்லையே?

நியாயமான கேள்வி. உண்மையில் செருகப்படுவது வடத்தின் நுனியில் இருக்கும் ரப்பர் உறைதான். ஆனாலும் நிலைத்துவிட்ட சொல்லைப் பெயர்ப்பதைவிட, அந்த உறைக்கு ஒரு தனிச்சொல் கொடுப்பது அவசரம் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிளக் மாற்றுவது பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில் ‘கம்பியைப் பிடுங்கிவிட்டு’ என்று ஒரு வரி. அதைப் படித்த நண்பர் அப்படியே கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறார். வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே இழை முனையத்திலிருந்து அறுந்துவிட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின் மூன்றில் குலுங்கி ஓடியது. புதிய பிளக்கில்தான் குறை என்று இரண்டு நாள் தேடினார். தவறு என் சொல்லில் இருந்தது.

பட்டறையில் அந்த உறையைக் ‘கேப்’ என்கிறார்கள். ‘உறை’ என்றால் காப்போடு குழம்பும், ‘மூடி’ என்றால் டிஸ்டிரிபியூட்டரின் மூடியோடு குழம்பும். ‘தொப்பி’ என்று வைத்தால் அந்த வரி இப்படி அமையும்:

‘எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தொப்பியைப் பிடித்து இடமும் வலமும் சற்றுத் திருப்பி இழுக்கவும். வடத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு செருகிவடத்தைக் கழற்றினால், அதே இடத்தில் புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடவும்.’

கடைசி வாக்கியம் எரிவரிசைக்காக, அதாவது சிலிண்டர்களில் ஒன்றன்பின் ஒன்றாக எரிபொருள் பற்றும் வரிசைக்காக. பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் அது 1-3-4-2. எல்லா வடங்களையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால் எது எங்கே என்று தெரியாமல் போகும். ‘வெடிப்பு வரிசை’ என்று எழுதுவோரும் உண்டு. சிலிண்டருக்குள் முறையாக நடப்பது எரிதல். அதனால் ‘எரிவரிசை’யே சரி.

எனக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. வெப்பத்தைச் சிலிண்டர் தலைக்கு மெதுவாகக் கடத்தும் பிளக்கை ‘ஹாட்’ என்றும், விரைவாகக் கடத்துவதைக் ‘கோல்ட்’ என்றும் சொல்கிறார்கள். ‘சூடான செருகி’ என்று எழுதினால், கையைச் சுடும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘வெப்பம் பிடிக்கும் செருகி’, ‘வெப்பம் விடும் செருகி’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக வருகிறது, அட்டவணையின் தலைப்பில் அடங்கவில்லை. இதைவிடச் சிறிய சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.