ஈ.பீ.ஆருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி சேகரிக்கும் நாள் ஒன்றுக்கான துண்டுப்பிரசுரம் என் மேசையில் கிடக்கிறது. மும்மொழி. மற்ற இரண்டும் முடிந்துவிட்டன. வழக்கம்போலத் தமிழுக்குக் கடைசி இரண்டு நாள்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு பொருளைச் செய்தவரே, அது பாவனை முடிந்து குப்பைக்குப் போகும்போதும் திரும்ப எடுத்து, மீள்சுழற்சிக்கு அனுப்பி, செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை. 1990இல் சுவீடனில் தோமஸ் லிண்ட்குவிஸ்ட் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சுக்கு எழுதிய அறிக்கையில் முன்வைத்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ஈ.பீ.ஆர். இணையத்தில் தேடினால் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று வருகிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஆருக்கோ தவணை குடுத்திருக்கினம் போல” என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

சென்னை நண்பர்:

இங்கே 2011இல் அறிவித்த மின்னணுக் கழிவு விதிகளிலேயே இந்தக் கொள்கை வந்துவிட்டது. அப்போதிருந்து அதே சொல்தான். முதலில் கரடுமுரடாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். பிடிக்கவில்லை என்றால் ‘விரிவாக்கப்பட்ட’ என்று போடுங்கள்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

பிள்ளை, உன் அம்மா சொன்னதுதான் சரி. விசா நீடிப்பு, விண்ணப்பத் திகதி நீடிப்பு, கடன் தவணை நீடிப்பு. இந்த ஊரில் எதையாவது நீட்டினார்கள் என்றால் தள்ளிப்போட்டார்கள் என்றுதான் பொருள். போதாததற்கு ‘க்கப்பட்ட’. நீட்டியவர் யார்? எழுவாயைக் காணோம். பொறுப்பைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே பொறுப்பாளி ஒளிந்துகொள்கிறார்! ‘விரிவாக்கப்பட்ட’ என்பதும் அதே நோய்தான்.

நம்மிடம் வினைத்தொகை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டோமா? ‘நீள்பொறுப்பு’. நீண்ட, நீள்கின்ற, நீளும், மூன்று காலமும் இரண்டு எழுத்தில் அடங்கிவிட்டது. ஆனால் எனக்குப் ‘பொறுப்பு’ம் போதாது. பொறுப்பு மனத்தில் இருப்பது, கடப்பாடு தலையில் ஏறுவது. ‘ஆக்குநர் கடப்பாடு’ என்பேன். வள்ளுவர் ஆண்ட சொல்.

தெஹிவளைப் பொறியியலாளர்:

மாஸ்டர், குறளை முழுதாகச் சொல்லுங்கள். “கைம்மாறு வேண்டா கடப்பாடு.” மழை கைம்மாறு கேட்பதில்லை, சரி. எந்தக் கம்பனி மழையாகப் பெய்கிறது? சுவிஸில் இருக்கும் என் மச்சான் ஒரு மடிக்கணினி வாங்கினான். பற்றுச்சீட்டில் மீள்சுழற்சிக் கட்டணம் தனியாக ஒரு வரி. கைம்மாறு வாங்கும்போதே எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக, பழையதைக் கொண்டுபோனால், அந்த வகைப் பொருள் விற்கும் எந்தக் கடையும் ‘இங்கேயா வாங்கினீர்கள்’ என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளவேண்டும். சட்டம் அப்படி. இது அறமும் இல்லை, தருமமும் இல்லை. விலைக்குள் வைத்த ஒப்பந்தம். கடப்பாடு என்றால் யாரோ பெருந்தன்மையாகச் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இன்னொன்று, தலைப்பில் ‘இலத்திரனியல் கழிவு’ என்று மட்டும் போட்டால் ஸ்திரிக்கைப் பெட்டியும் மின்விசிறியும் வராது. சனம் கைப்பேசியை மட்டும் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணிப்புரையே மின், இலத்திரனியல் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

இலத்திரனியல் நல்ல சொல் தம்பி, அதில் கை வைக்காதே. கிரேக்கர் மரப்பிசின் கல்லுக்கு வைத்த பெயர், தேய்த்தால் துரும்பை இழுக்குமே, அது. அதை நாம் தமிழ் ஒலிக்கு இறக்கினோம். சென்னையார் மின்னணு என்கிறார்கள். அணுவுக்குள் இருப்பதை அணு என்று சொல்லலாமா?

‘குப்பை’யையும் இழிவாக நினைக்காதீர்கள். குவிதலோடு உறவுள்ள சொல். பழைய பாட்டில் நெல்லும் குப்பைதான், உப்பும் குப்பைதான். குவியல் என்பதே பொருள். பின்னால்தான் கழிவாகிச் சீரழிந்தது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி மங்காது என்றார்களே, நகை செய்யும் செட்டியார்தெருப் பத்தர்மாரைக் கேளுங்கள். ஒரு தொன் கைப்பேசியில் இருக்கும் தங்கம் ஒரு தொன் சுரங்கத் தாதில் இருப்பதைவிடப் பல மடங்கு.

சென்னை நண்பர்:

ஐயா, எலக்ட்ரானுக்கு நாங்கள் எதிர்மின்னி என்றும் சொல்கிறோம். சரி, அதை விடுவோம். பிரசுரம் வெள்ளிக்கிழமை.

புறக்கோட்டை பழுதுபார்ப்பவர்:

எனக்கு வினைத்தொகை எல்லாம் வராது. முதலாம் குறுக்குத்தெருவில் கைப்பேசி திருத்துகிறேன். ஒரு கேள்வி. ‘ஆக்குநர்’ யார்? எங்கள் தெருவில் ஒருவரும் ஒன்றும் ஆக்குவதில்லை. துறைமுகத்தில் கொள்கலன் இறங்கும், நாங்கள் விற்போம். நீங்கள் ‘உற்பத்தியாளர்’ என்று அச்சடித்தால் இறக்குமதிக்காரருக்குக் கொண்டாட்டம். “நான் உற்பத்தி செய்யவில்லையே, சீனாவில் ஷென்சென்னுக்குக் கடிதம் போடுங்கள்” என்பார்.

தெஹிவளைப் பொறியியலாளர்:

அண்ணை, இரண்டு நாளாக நாங்கள் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஐரோப்பாவின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரையும் 2012இல் திருத்தி எழுதியதும் ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குள் தொழில்முறையாக இறக்குமதி செய்பவரையும் அடக்கித்தான் வரைவிலக்கணம் தருகின்றன. அங்கே சட்டத்தில் அப்படி எழுதிச் சமாளிக்கலாம். துண்டுப்பிரசுரத்தில் வரைவிலக்கணத்துக்கு ஏது இடம்? சொல்லே அதைச் சொல்லவேண்டும். நம் சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தது.

‘விற்றவர் பொறுப்பு’ என்று வைத்தால் என்ன?

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

அம்மாவுக்கு இது விளங்கிவிட்டது. ஆனால் என் பழைய கைப்பேசியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விற்றேனே, நானும் பொறுப்பா என்று கேட்கிறார். பஞ்சிகாவத்தையில் இரண்டாங்கை சாமான் விற்பவரும் விற்றவர்தானே?

‘பொறுப்புக்கூறல்’ என்று முடித்தால் கொஞ்சம் கனமாக இருக்குமா?

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

வேண்டாம் பிள்ளை. அந்தச் சொல் இப்போது ஜெனீவாவுக்கு, மனித உரிமைப் பேரவைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அதைக் கேட்டால் நம் சனத்துக்கு நினைவு வருவது வேறு. பழைய வானொலிப் பெட்டிக்கு அதை இரவல் வாங்கக்கூடாது.

ஆனால் நீ கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ‘வகைசொல்லல்’ என்று நமக்கு ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் பொறுப்புக்கு ‘வககீம’. கீம என்றால் சொல்லுதல். வக எங்கிருந்து வந்தது? நம் வகைதான் என்பது என் துணிபு. இரண்டு மொழியும் பொறுப்பை வாயால் பதில் சொல்வதாகவே பார்த்திருக்கின்றன. ‘ஆக்குநர் வகைசொல்லல்’ என்று வைத்தால் மும்மொழிப் பிரசுரத்தில் இரண்டு மொழி கைகோத்து நிற்கும்.

தெஹிவளைப் பொறியியலாளர்:

வாயால் பதில் சொல்வதுதான் சிக்கலே மாஸ்டர். பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

புறக்கோட்டை பழுதுபார்ப்பவர்:

தூக்கிக்கொண்டு போக ஆள் ஏற்கெனவே இருக்கிறான். வாசலில் கூவிக்கொண்டு வரும் போத்தல் பேப்பர்காரன். அவன் காசு தந்து எடுக்கிறான், உங்கள் சேகரிப்பு நாளில் சும்மா கொடுக்கச் சொல்கிறீர்கள். சனம் யாரிடம் கொடுக்கும்? அவனிடமிருந்து போவதில் செம்பும் மின்சுற்றுப் பலகையும் விலைபோகும். வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை யாருக்கு? பழைய குண்டுத் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம், அதை ஒருவரும் வாங்குவதில்லை, எங்காவது கொட்டிவிடுவார்கள். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 2017இல் அத்தனை பேர் செத்த பிறகும் கொட்டுவது நின்றதா? அவனை உள்ளே எடுத்து, எடைக்குக் காசை இறக்குமதிக்காரர் கொடுக்கட்டும். சோடாப் போத்தலுக்கு அப்படித்தானே செய்தோம், வெறும் போத்தல் கொடுத்தால் வைப்புக் காசு திரும்பும். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

சென்னை நண்பர்:

உலகம் முழுக்க இதே கதைதான். 2022இல் சேர்ந்த மின்கழிவு 62 மில்லியன் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். நான் ‘நீள்பொறுப்பு’க்கு வாக்களிக்கிறேன். ‘நீட்டிக்கப்பட்ட’ போகட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

கடிசொல் இல்லைக் காலத்துப் படினே என்றார் தொல்காப்பியர். காலத்துக்கு ஏற்றது என்றால் நானும் மறுக்கமாட்டேன். ஆனால் ‘பொறுப்பு’ வலுவில்லாத சொல் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது என்று பதிவு செய்யுங்கள்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு. ஐந்து பேர் ‘நீள்பொறுப்பு’, இருவர் ‘கடப்பாடு’, ஒருவர் ஈ.பீ.ஆர். என்றே விடச் சொன்னார், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போலும். தலைப்பு ‘மின், இலத்திரனியல் கழிவு’. சொல் ‘உற்பத்தியாளர், இறக்குமதியாளர் நீள்பொறுப்பு’. கீழே ஒரு வரி: ‘சந்தைக்குக் கொண்டுவந்தவரே திருப்பி எடுக்கவேண்டும்.’ அம்மா தலையாட்டினார். அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

திங்கள். அச்சுப் பிரதி வந்தது. தமிழ் நீளமாக இருக்கிறது, பெட்டிக்குள் அடங்கவில்லை என்று வடிவமைத்தவர் ஒரு சொல்லை எடுத்துவிட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது மேலதிகம் என்று நினைத்திருக்கிறார். ‘உற்பத்தியாளர் நீள்பொறுப்பு’ என்றே வந்திருக்கிறது. கீழ்வரி தப்பிவிட்டது.

புறக்கோட்டை பழுதுபார்ப்பவர்:

இறக்குமதியாளர் பாருங்கள், அச்சகத்திலேயே நழுவிவிட்டார்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

‘கடப்பாடு’ என்று வைத்திருந்தால் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். ஐந்தே எழுத்து.