இன்சுலின் ஊசி: உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க

பொகவந்தலாவைப் பொடியன்:
2022, இலங்கையில மருந்துத் தட்டுப்பாடு நேரம். கிளினிக்கில் வெளியில வாங்கச் சொல்லி துண்டு எழுதித் தந்தாங்க, பார்மசியிலும் இல்லை. தமிழ்நாட்டுக் கூடலூர் சித்தப்பா (1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்கயிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பம்) ஆள் மூலமா நாலு குப்பி அனுப்பினார். அம்மாவுக்கு வழமையான 20 யூனிட்னு போட்டேன். ஒரு கிழமையாகியும் சீனி 300க்குக் கீழே இறங்கல. அம்மாதான் குப்பியை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல 40னு போட்டிருக்கு, நம்மளுதுல 100தானே இருக்கும்?"னாங்க. மூணாம் வகுப்பு படிச்சவங்க. ஏ.எல். (உயர்தரம்) பாஸ் பண்ணின நான் பார்க்கல. மில்லிலீட்டருக்கு 40 யூனிட் இருக்கிற மருந்தை, 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தது வெறும் 8 யூனிட். இப்பவும் குப்பியை வாங்கிப் படிச்சிட்டுத்தான் கையை நீட்டுறாங்க.

மஸ்கெலியா டீச்சர்:
குறைஞ்சு போனதால தப்பிச்சீங்க தம்பி. 40 சிரிஞ்சில் 100 குப்பியை இழுத்திருந்தா 20 கோட்டுக்கு 50 யூனிட் போயிருக்கும். சிரிஞ்ச் மூடி நிறத்தைப் பாருங்க: 40க்கு சிவப்பு, 100க்கு ஆரஞ்சு. கலங்கலான மருந்தைக் குலுக்காம உள்ளங்கையில உருட்டணும். ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது, உறைஞ்சா வீசிடுங்க. ஊசி போட்டுட்டு சாப்பிடாம கொழுந்தெடுக்கப் போகக் கூடாது. என் கதையா? மாமியார் குப்பியை அடுப்புப் பரண்ல, கருவாட்டு டின்னுக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. சூட்டுல மருந்து அவ்வளவுதான்.

ஹட்டன் பழசு:
70கள்ல கண்ணாடி சிரிஞ்ச். பாட்டி தனிச் சட்டியில அவிப்பாங்க. மாட்டுக் கணையத்துல எடுத்த மருந்துன்னு டிஸ்பென்சரி ஐயா வாய் தவறிச் சொல்லிட்டார். தாத்தா மாடு தொடாதவர். ரெண்டு நாள் போடல. மூணாம் நாள் சட்டையைத் தூக்கிட்டு, முருகன் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

நானுஓயா:
பன்றியில எடுத்ததுதானே அண்ணே? சும்மா பயங்காட்டியிருக்காங்க.

ஹட்டன் பழசு:
ரெண்டுலயும் எடுத்தாங்க தம்பி. 1922ல டொரொண்டோவுல முதல் பையனுக்குப் போட்டதே மாட்டு மருந்துதான். பாக்டீரியாவுல செஞ்ச மனித இன்சுலின் விற்பனைக்கு வந்ததே 1982ல. அதுக்குள்ள தாத்தா போயிட்டார். டீச்சர், ஃப்ரீசர்னு சொல்றீங்க, எங்க தோட்டத்து லயத்துல (வரிசை வீடுகள்ல) அப்ப கரண்டே இல்லை. மண் பானையில ஈர மணல் போட்டு, அதுக்குள்ளதான் குப்பி.